குடிவழி ஆராய்ச்சியும் சான்று காட்டும் நெறியும்

சான்று காட்டி எழுதும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியனார் 'என்ப' என்றும் 'என்மனார் புலவர்' என்றும் பல இடங்களிற் கூறுதல், தம் கூற்று இது, தமக்கு முன்னோர் கூற்று இது எனப் பிரித்துக் காட்டும் நேர்மையே யாகும். உரையாசிரியர் பெருமக்களோ இலக்கண விதி ஒவ்வொன்றிற்கும் மேற்கோள் தந்து சென்றனர். எனினும் அவர்கள் மேற்கோட் செய்யுளைத் தந்தார்களே யன்றி, அஃது எந்நூலிலுள்ளது என்பதைப் பெரும்பாலும் கூறிற்றிலர். அவர்தம் மாணாக்கர்க்கு அந்நூல்கள் மனப்பாடமாதலின் கூறவேண்டுவது இல்லாதிருந்தது. நூல்கள் மறைந்த பின்னரே அக்குறை புலனாயிற்று. இன்னும் இடம் விளங்காத மேற்கோட் செய்யுட்கள் பலவுள. சென்ற நூற்றாண்டிற்கு முற்பட்ட நூற்றாண்டின் இறுதியில் உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புக்களின் முகவுரையில், தாம் ஒப்புநோக்கிய ஏட்டுச்சுவடிகள் எவ்வெவ்வூரில் எவ்வெவரிடமிருந்து கிடைத்தன என்று வரிசைப்படுத்தி எழுதினார். சுவடியின் உடைமையாளரையும் ஊரையும் பெயர் சுட்டிச் சொல்லும் அந்த முறையே குடிவழி வரலாறு எழுதப் புகுவோர்க்கு நாம் காட்டத்தக்க முன்மாதிரி.

குடிவழி வரலாறு என்று நாம் ஈண்டுக் குறிப்பது, ஒரு குடும்பத்தின் முன்னோர் இன்னார், அவர் இன்னார் மகன் அல்லது மகள், இன்ன ஊரினர், இன்ன தொழிலும் உரிமையும் உடையர் என்பவற்றைச் சான்றுகளால் நிறுவும் ஆராய்ச்சியை. முதுகலை வகுப்பில் ஊர் வரலாறும் கோயில் வரலாறும் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும் மாணவர் பெருகியுள்ளனர். அவர்தம் ஏடுகளில் குடிவழிப் பட்டியல் ஒன்றேனும் இல்லாதிருப்பது அரிது. அப்பட்டியல்களின் அடியில் 'கல்வெட்டு', 'செவிவழிச் செய்தி', 'குடும்ப ஆவணம்' என்ற ஒற்றைச் சொற்களே சான்றாக நிற்கின்றன. இலக்கிய ஆராய்ச்சியில் மேற்கோள் பிழைத்தால் வேறொருவர் நூலைத் திறந்து திருத்திக் கொள்வர். குடிவழியில் அஃது எளிதன்று. ஒருவர் தந்தை இன்னார் என்பதற்குப் பலவிடத்தும் ஒரே வரிதான் சான்று. அவ்வரியின்மேல் நிலவுரிமையும் கோயில் முறையும் முதல் மரியாதையும் நிற்கின்றன. அச்சிட்ட ஆய்வேடு பின்னர் வழக்குமன்றத்தில் ஆவணமாக நீட்டப்படுதலும் உண்டு.

இதனை விளக்குதற்குத் திருவண்ணாமலையிலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உளது. அது போசள வேந்தன் மூன்றாம் வீர வல்லாளனுக்கு மகன் உண்டா என்னும் வினா.

மூன்றாம் நரசிம்மனின் மகனாகிய இவ்வேந்தன் கி.பி. 1292 முதல் 1342 வரை ஆண்டவன். வடபுலப் படையெடுப்புக்களால் துவாரசமுத்திரம் சிதைவுற்ற பின், திருவண்ணாமலையைத் தன் இருக்கைகளுள் ஒன்றாகக் கொண்டான். கன்னட நாட்டுக் கல்வெட்டுக்கள் இவ்வூரை உண்ணாமலை எனக் குறிக்கும். அருணாசலேசுவரர் கோயிலின் வல்லாள கோபுரம் இன்றும் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவனுக்குப் பின் 1343-இல் முடிசூடியவன் அவன் மகன் விருபாட்ச வல்லாளன் என்பது கன்னடக் கல்வெட்டுக்களால் பெறப்படுகின்றது. வரலாற்று நூலார் அவனை நான்காம் வல்லாளன் என்பர்.

இனி, எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தைப் பார்ப்போம். அதில் வல்லாள மகாராசன் மகப்பேறு இல்லாதவன். மல்லமாதேவி, சல்லமாதேவி என்னும் தேவியர் இருவரை உடையவன். அடியார் வேடத்துடன் வந்த இறைவன் அவன் கொடையைச் சோதிக்க, இளைய தேவி அவரைத் தீண்டிய அளவில் அவர் பச்சிளங் குழவியாகின்றார்; அரசனுக்குத் தாமே மகன் என அருளி மறைகின்றார். இக்கதை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் தைத் திங்களில் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் அண்ணாமலையாருக்கு வல்லாளன் இறந்த செய்தி அறிவிக்கப் பெறுகின்றது. மாசி மகத்தன்று அவர் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக் கரையில் தந்தைக்குச் செய்யும் கடனை மகனாக இருந்து செய்கின்றார்.

கல்வெட்டின்படி மகன் உண்டு, புராணத்தின்படி இல்லை, திருவிழாவின்படி இறைவனே மகன். இம்மூன்றனுள் ஒன்றை மெய் என்றும் ஏனையவற்றைப் பொய் என்றும் தள்ளுதல் எளிய வழி. 'வல்லாளன் மகப்பேறு இல்லாதவன்' என்று எழுதி, அடியில் 'அருணாசல புராணம்' என்று குறிப்போரும் உளர். 'புராணச் செய்தி பொருந்தாது' என்று ஒரே வரியில் முடிப்போரும் உளர். இருசாராரும் தாம் காட்டும் சான்று எவ்வகையினது என்று சொல்லாமையே குறை. மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதையில் அளவைவாதி கூறும் அளவைகள் பத்தனுள் ஐதிகம் என்பதும் ஒன்று. காட்சிக்கும் கருதலுக்கும் வேறாக, வழிவழியாக உலகத்தார் சொல்லி வரும் வழக்கை அது குறிக்கும். பள்ளிகொண்டாப்பட்டு விழா ஐதிகம். அதனை ஐதிகம் என்று பெயரிட்டே காட்டினால் அதன் மதிப்புக் குறைவதில்லை. அஃது எதற்குச் சான்று என்பது தெளிவாகும். வேந்தன் பெற்ற மகன் யார் என்பதற்கு அது சான்றன்று. வேந்தனுக்கும் இக்கோயிலுக்கும் இருந்த உறவை இவ்வூரார் தந்தை மகன் உறவாகக் கருதிப் போற்றினர் என்பதற்கு அதனினும் வலிய சான்று இல்லை.

'மகன்' என்னும் சொல் பெற்ற மகனையும் குறிக்கும். ஈமக்கடன் செய்யும் உரிமையுடையானையும் குறிக்கும். பெரும்பான்மைக் குடும்பங்களில் இருவரும் ஒருவரே. தத்து எடுத்த குடும்பங்களில் இருவரும் வெவ்வேறாவர். ஆகவே ஒருவர் பெயர் ஓர் ஆவணத்தில் ஒரு தந்தையின் கீழும், மற்றோர் ஆவணத்தில் வேறொரு தந்தையின் கீழும் காணப்படின், உடனே பிழை என்று ஒன்றை அடித்துவிடுதல் தகாது. பாகப்பத்திரம் கொள்ளவந்த தந்தையைக் கூறும். சாதக ஓலை பெற்ற தந்தையைக் கூறும். இரண்டும் தத்தம் அளவில் மெய்யே. எந்த ஆவணம் எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது என்பதும் குறிப்பில் இடம்பெற வேண்டுவது இதனாலேயே.

வல்லாளனின் இறப்பைக் கூறும் சான்றும் ஆராயத் தக்கது. மதுரைச் சுல்தானோடு பொருது பிடிபட்ட அவ்வேந்தன் கொல்லப்பட்டதையும், அவன் தோல் வைக்கோல் திணிக்கப்பெற்று மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டதையும், அதனைத் தாம் நேரிற் கண்டதையும் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா கூறுகின்றார். இது காட்சியளவை என்று மாணவர் மகிழ்ந்து எழுதுவர். மதிலில் தொங்கியதை அவர் கண்டது காட்சி. போர் நடந்ததும் வேந்தன் பிடிபட்டதும் அவர் பிறரிடம் கேட்டவை. அன்றியும், இபின் பதூதா மதுரைச் சுல்தானகத்தை நிறுவிய சலாலுதீன் அசன் சாவின் மகளை மணந்தவர். வல்லாளனை வென்ற கியாசுதீனும் அசன் சாவின் மற்றொரு மகளை மணந்தவன். சான்றுரைப்பவரும் கொன்றவனும் சகலர். இனி, இபின் பதூதா நூலைத் தம் கையால் எழுதவில்லை. தாயகம் திரும்பிய பின் அவர் சொல்ல, இபின் சுசை என்பார் எழுதி 1355-இல் முடித்தார். 'இபின் பதூதா கூறுகிறார்' என்ற இரு சொற்களுக்குள் இவ்வளவும் மறைந்து கிடக்கின்றது. கண்டது எது, கேட்டது எது, சொன்னவர்க்கும் சொல்லப்பட்டவர்க்கும் உறவு யாது, எழுதியவர் யார், நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையில் எத்தனை ஆண்டு என்பவற்றைச் சான்றுக் குறிப்பு ஒரே வரியிற் கூறிவிடலாம். நம் பாட்டனார் இறந்த நாளைக் கூறும் உறவினர் ஒருவரின் சொல்லுக்கும் இதே ஐந்து வினாக்களும் பொருந்தும்.

கல்வெட்டைச் சுட்டும் முறைக்கு வருவோம். திருவண்ணாமலைக் கோயிற் கல்வெட்டுக்கள் மிகப் பலவற்றை அரசினர் கல்வெட்டுத் துறையார் 1902-இல் படியெடுத்து, அவ்வாண்டின் வரிசை எண் கொடுத்தனர். அவற்றின் மூலம் தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் எட்டாம் தொகுதியில் 1937-இல் அச்சேறிற்று. அங்கு வேறு எண். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பி. ஆர். சீனிவாசனைக் கொண்டு இக்கோயிற் கல்வெட்டுக்களை 1990-இல் இரு பகுதிகளாக வெளியிட்டது. அங்கு மற்றோர் எண். ஆகவே ஒரு கல்லுக்கு மூன்று எண்கள். இம்மூன்றையும் மூன்று நூல்களிலிருந்து தனித்தனியே எடுத்து, 'இச்செய்தியை மூன்று கல்வெட்டுக்கள் உறுதி செய்கின்றன' என்று எழுதிய ஏடுகளை நாம் கண்டதுண்டு. கல் ஒன்றே, சான்றும் ஒன்றே. ஒரு மூலத்தைப் பத்துப்பேர் எடுத்தாண்டாலும் அது பத்தாகாது.

இக்குழப்பம் நேராதிருக்க, கல்வெட்டுக் குறிப்பைப் பின்வருமாறு அமைக்கலாம்: 'திருவண்ணாமலை, அருணாசலேசுவரர் கோயில், (திருச்சுற்றும் சுவரின் திசையும்), (அரசன் பெயர்), ஆட்சியாண்டு —, சக ஆண்டு —, கல்வெட்டு ஆண்டறிக்கை 1902, எண் —, தெ. க. தொகுதி 8, எண் —, வரி —. பிரெஞ்சு நிறுவனப் பதிப்பு, எண் —.' நீளமாகத் தோன்றினும் முதன்முறை மட்டும் இங்ஙனம் எழுதி, அடுத்தடுத்துத் தொகுதியும் எண்ணும் வரியும் தந்தாற் போதும். வரி எண்ணை விடுதல் கூடாது. நீண்ட கொடைக் கல்வெட்டில் ஒரு பெயரைத் தேடுவோர் படும் பாடு தேடியவர்க்கே தெரியும். ஆய்வாளர் தாம் கண்டது கல்லையா, மைப்படியையா, அச்சிட்ட மூலத்தையா, பிறர் எழுதிய சுருக்கத்தையா என்பதும் சொல்லவேண்டும். சுவர்களை மணல் வீசித் தூய்மை செய்ததனாலும், திருப்பணியிற் கற்கள் இடம் மாறியதனாலும், பல கோயில்களில் எழுத்துக்கள் அழிந்துள்ளன. ஆதலின் கல்லைக் கண்டவர் கண்ட ஆண்டையும் குறித்தல் நன்று. மைப்படியாயின் இருப்பிடத்தை மட்டும் குறித்து எண்ணை விடுதல் பயனற்றது. மைசூரில் நெடுங்காலம் இருந்த தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் ஆணையிட்டமை யாவரும் அறிந்தது. இருப்பிடம் மாறும், எண் மாறாது.

ஊர்ப்பெயரும் மாவட்டப் பெயரும் இவ்வாறே கருத்துக்குரியன. 1906-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச் சுவடியில் திருவண்ணாமலை வட்டம் இடம்பெற்றுள்ளது. பின்னர் அவ்வட்டம் வடவார்க்காட்டில் சேர்ந்தது. 1989-இல் வடவார்க்காடு பிரிந்தபோது திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் தோன்றிற்று. ஒரே வீட்டில் வாழ்ந்த மூன்று தலைமுறையினர் பத்திரங்களில் மூன்று மாவட்டத்தினராகக் காணப்படுவர். குடும்பம் இடம்பெயர்ந்தது என்று கருதிவிட இஃது ஏதுவாகும். மாவட்டப் பெயரை ஆவணத்தில் உள்ளவாறே எழுதி, இன்றைய பெயரைப் பிறைக்கோட்டுள் தருக.

காலக் குறிப்பில் இடர் இன்னும் மிகுதி. பழைய பத்திரங்களில் 'விரோதி ஆண்டு ஆனித் திங்கள்' என்று மட்டும் இருக்கும். விரோதி 1829-இலும் உண்டு, 1889-இலும் உண்டு, 1949-இலும் உண்டு. முத்திரைத் தாளின் விலையும் அரசின் சின்னமும் கண்டு 1889 என்று ஆய்வாளர் துணிவாராயின், 'விரோதி' என்பது ஆவணத்தின் சொல், '1889' என்பது தம் துணிபு என்று பிரித்துக் காட்டவேண்டும். நாளின் தொடக்கமும் ஒன்றன்று. இவ்வூரில் வாழ்ந்து 1950-இல் மறைந்த இரமண மகரிசி 1879 டிசம்பர் 30-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் ஒரு மணியளவிற் பிறந்தார் என்பர். ஆங்கிலக் கணக்கில் அது 30-ஆம் நாள். ஞாயிறு தோற்றத்தை நாட்டொடக்கமாகக் கொள்ளும் நம் கணக்கில் 29-ஆம் நாளின் இரவே. சாதகமும் பதிவேடும் ஒரு நாள் வேறுபடும் இடங்களிற் பல இத்தகையன. முன் கூறிய வல்லாளன் இறப்பையும் காண்க: கன்னடக் கல்வெட்டுச் சான்று கொண்டு அது 1342 செப்டம்பர் 8 என்பர் வரலாற்று நூலார். அது யூலியன் கணக்கு. தமிழ்க் கணக்கிற் புரட்டாசியில் விழும். கோயிலில் கடன் நிகழ்வதோ மாசியில். இவ்விரண்டையும் ஒட்டவைக்க முயலாமல் அருகருகே எழுதி வைப்பதே ஆராய்ச்சி முறை.

உறவுச் சொற்களை ஆவணத்தில் உள்ளவாறே மேற்கோளிட்டுத் தருதல் வேண்டும். 'மருமகன்' என்பது பழைய வழக்கில் உடன்பிறந்தாள் மகனையும் குறிக்கும், மகள் கணவனையும் குறிக்கும். 'பிள்ளை' என்பது மகனாதலும் உண்டு, பட்டமாதலும் உண்டு, குடிப்பெயராதலும் உண்டு. ஆய்வாளர் 'மகள் கணவர்' என்று பெயர்த்து எழுதிவிட்டால், பின்வருவோர் மூலச்சொல்லை அறிய வழியில்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் மரபு; பெயரன் என்ற சொல்லே அதனின்று பிறந்தது. இம்மரபு ஆராய்ச்சிக்குத் தரும் தொல்லை சிறிதன்று. அரச குடியிலும் இது நேர்ந்தது. இக்கோயிலிற் கல்வெட்டுக்கள் உடைய காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன் ஒருவனா, தந்தையும் மகனுமாக இருவரா என்று அறிஞர் நெடுநாள் வாதிட்டனர். சேந்தமங்கலத்தில் மூன்றாம் இராசராசனை 1231-இற் சிறையிட்டவனும், 1243-இல் முடிபுனைந்து ஆண்டவனும் வேறு வேறாவர் என்ற கொள்கையே இன்று பெரும்பாலோர்க்கு உடன்பாடு. ஆட்சியாண்டோடு சக ஆண்டும் பெற்ற கல்வெட்டுக்களே முடிபுனைந்த ஆண்டைக் கணிக்க உதவின. அரசர்க்கே இந்நிலையாயின், 'அண்ணாமலை' என்ற பெயர் வீட்டுக்கு வீடு வழங்கும் இவ்வூரிற் குடிமக்கள் நிலையைக் கூறவேண்டா. பெயரோடு தந்தை பெயரும், தெருவும், நிலத்தின் அளவை எண்ணும் சேர்த்தே ஒருவரை அடையாளம் காட்டுதல் தகும்.

வாய்மொழிச் சான்றைத் தாழ்வாகக் கருதுவோர் கூற்று எமக்கு உடன்பாடன்று. எழுத்தாவணம் நில உடைமையாளரைப் பேசும். பெண்டிரையும் உழுகுடிகளையும் பெரும்பாலும் பேசாது. பாட்டியின் பிறந்த ஊரை அறிய வீட்டு முதியவளின் நினைவையன்றி வேறு வழி இல்லாத குடும்பங்களே மிகுதி. ஆனால் 'செவிவழிச் செய்தி' என்று எழுதி அமைதல் போதாது. கூறியவர்க்கு அக்குடும்பத்தோடு உள்ள உறவு, அவர் அகவை, கேட்ட ஊர், கேட்ட நாள், தாம் கண்டதாகக் கூறினரா, தம் முன்னோரிடம் கேட்டதாகக் கூறினரா என்பவை குறிக்கப்பட வேண்டும். வாழ்வோர் பெயரை அவர் இசைவின்றி அச்சிடல் ஆகாது. ஆய்வாளரின் குறிப்பேட்டில் முழுப்பெயரும், அச்சில் 'கூறியவர்: குடும்பத்தின் மூத்த மருமகள், அகவை எழுபதுக்கு மேல்' என்பது போன்ற குறிப்பும் அமையலாம்.

இந்நெறியில் வல்லாளனின் குடிவழிப் பதிவு எவ்வாறு அமையும் என்று காட்டுவோம். 'மகன்: விருபாட்ச வல்லாளன், 1343-இல் முடிபுனைந்தவன் (கன்னடக் கல்வெட்டு, தொகுதி, எண், வரி தருக, அரசு ஆவணம், நிகழ்காலத்தது). மகப்பேறின்மை: அருணாசல புராணம், வல்லாள மகாராசன் பற்றிய பகுதி, செய்யுள் எண் தருக (இலக்கியம், ஏறத்தாழ இரு நூற்றாண்டுக்குப் பிற்பட்டது, தலபுராணம்). கடன் செய்யும் மகன்: அண்ணாமலையார் (ஐதிகம், மாசி மகம், பள்ளிகொண்டாப்பட்டு, ஆய்வாளர் நேரிற் கண்ட ஆண்டு தருக).' மூன்று வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கட்டும். இரண்டாவதையும் மூன்றாவதையும் முதலாவதன் அடிக்குறிப்பாகச் சுருக்குதல் வேண்டா.